அஜ்ஜா கூப்பிட்டார்

எங்கள் வீட்டில் சாற்றுப்பொடியும், சாம்பாருக்கான ஹுளிப்பொடியும் ஒரே மாதிரியான இரண்டு பாட்டில்களில் இருக்கும். எதிலும் சீட்டு ஒட்டியிருக்காது. என் மனைவி மூடியைத் திறந்து மோந்து பார்த்துத்தான் எது எது என்று தெரிந்துகொள்வாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீங்கள் அலுவலகத்தில் விசாரித்தபோது என்னைப் பற்றி வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். அதனால்தான் மேடம், இதை முதலில் சொல்லிவைக்கிறேன். நான் வீம்புக்காரன் இல்லை.

வீட்டில் மோந்து பார்க்க ஒரு மூக்கு போதும். அலுவலகம் அப்படி இல்லை.

ஊருகோலு நிறுவனத்தில் என் வேலை பெயர் வைப்பது. உங்கள் வாசலில் நிற்கும் காவலரிடம் சொன்னேன், சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை, நன்றி. தனியாக இருக்கும் முதியவர்களுக்கு நாங்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பொத்தானும், போனில் ஒரு செயலியும் கொடுக்கிறோம். பிள்ளைகள் ஒஹாயோவிலோ சிட்னியிலோ இருப்பார்கள். இங்கே அப்பாவோ அம்மாவோ மாத்திரை சாப்பிட்டதாகத் தொட்டாலும், பேத்தியின் படத்தைத் திறந்தாலும், கழுத்துப் பொத்தானை அழுத்தினாலும் எங்களுக்குச் சின்னதாக ஒரு தகவல் வரும். ஒவ்வொரு தகவலின் நெற்றியிலும் ஒரு பெயர் ஒட்டியிருக்கும். அந்தப் பெயரை வைத்துத்தான் எண்ணுவோம். எந்தப் பக்கத்தில் அவர்கள் தடுமாறுகிறார்கள், எதைப் பெரிதாக்க வேண்டும், எதை எடுத்துவிட வேண்டும் என்பதெல்லாம் அந்த எண்ணிக்கையில்தான் தெரியும்.

நான் சேர்ந்தபோது அந்தப் பெயர்கள் இருந்த நிலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பனசங்கரியில் ஒரு கார் கொட்டகையில் உட்கார்ந்து செயலியை உருவாக்கிய பையன்கள், வாய்க்கு வந்ததைப் பெயராக வைத்திருந்தார்கள். மாத்திரை சாப்பிட்டதற்கு ஒருவன் 'மாத்திரை' என்று வைத்தான். இன்னொருவன் 'மாத்திரை ஓகே'. மூன்றாமவன், சாப்பாட்டு நேரத்தில் வைத்தானோ என்னவோ, 'முழுங்கியாச்சு'. நேற்று எத்தனை பேர் மாத்திரை சாப்பிட்டார்கள் என்று எங்கள் முதலாளி ஷெணை ஒரு கூட்டத்தில் கேட்டார். மூன்று பேர் மூன்று பதில் சொன்னார்கள். மூன்றுமே நேர்மையான பதில்கள். அதன் பிறகுதான் என்னை வேலைக்கு எடுத்தார்.

என் விதி எளிமையானது. முதலில் பொருள், அடுத்து அதற்கு என்ன ஆயிற்று என்பது. 'மாத்திரை - உட்கொள்ளப்பட்டது.' 'படம் - திறக்கப்பட்டது.' எழுத்து ஆங்கிலம்தான், உங்களுக்காக நம் பேச்சில் சொல்கிறேன். யாருடைய அவசரமும் யாருடைய கிண்டலும் அதற்குள் வரக்கூடாது. எல்லாப் பெயர்களும் மெல்ல மெல்ல அந்த ஒழுங்குக்குள் வந்தபோது, மழை விட்ட பிறகு லால்பாக் பாறைமேல் ஏறி நின்று ஊரைப் பார்ப்பது போல இருந்தது. எது எங்கே என்று துல்லியமாகத் தெரிந்தது. உங்கள் வேலையிலும் அப்படி ஒரு கணம் வரும் என்று நினைக்கிறேன்.

ரத்னமாலா பாட்டீலைப் பற்றி இப்போது சொல்லலாம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். தார்வாட்காரர். மணி அறை அவர் பொறுப்பு. யாராவது கழுத்துப் பொத்தானை அழுத்தினால் அந்த அறையில் மணி அடிக்கும். அங்கே இருக்கும் இருவரில் ஒருவர் போன் செய்வார், இன்னொருவர் வண்டியை அனுப்புவார். அந்த மணிக்குத் தனியாக ஒரு கம்பி போட்டிருக்க வேண்டும். கொட்டகைக் காலத்தில் நேரமில்லாமல், எண்ணுவதற்காகப் போட்ட கயிற்றிலேயே மணியையும் கட்டிவிட்டார்கள். எங்கள் தொழிலில் இதைச் செய்யக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் எல்லோரும் செய்வார்கள். அடுத்த மாதம் சரிசெய்துவிடலாம் என்று ஒவ்வொரு மாதமும் சொல்வார்கள். இது என் தவறு இல்லை. நான் வருவதற்கு முன்பே நடந்தது.

அந்தப் பொத்தானுக்குப் பையன்கள் வைத்திருந்த பெயர் 'அஜ்ஜா கூப்பிட்டார்.' எங்களிடம் இருப்பவர்கள் எல்லோரும் தாத்தாக்கள் இல்லை, பாதிக்கு மேல் பாட்டிகள். அவர்கள் அழுத்தினாலும் அஜ்ஜா கூப்பிட்டார்தான். நான் அதை 'உதவிப் பொத்தான் - அழுத்தப்பட்டது' என்று மாற்றினேன். முறைப்படி அறிவிப்பும் போட்டேன். ரத்னமாலாவின் ஆட்கள் அதைப் படிக்கவில்லை. அவர்கள் மணி பழைய பெயரையே கேட்டுக்கொண்டிருந்தது. ஆகவே அடிக்கவில்லை. அரை நாள் யாரும் கவனிக்கவில்லை. அப்புறம் அவர் என் இடத்துக்கு வந்தார். சுற்றிலும் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஹெப்பாரே, என் மணியை யாரு கழட்டுனது?"

"யாரும் கழட்டல. பேரை மாத்தியிருக்கேன். போன வாரமே அறிவிப்பு போட்டாச்சு."

"உங்க அறிவிப்பைப் படிக்கவா எனக்குச் சம்பளம் குடுக்குறாங்க? அங்க ஒரு அம்மா கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல மாட்டிக்கிட்டுக் கிடந்தாங்க. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் எட்டிப் பாக்கலன்னா?"

"ஒண்ணும் ஆகலையே."

"ஆகியிருந்தா அதுக்கும் ஒரு பேரு வெப்பீங்க." அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. "அஜ்ஜா கூப்பிட்டார்னு திரையில பாத்தா என் பசங்களுக்கு ஒரு ஆள் தெரியுறாரு. எந்திரிச்சு ஓடுறாங்க. உங்க அழுத்தப்பட்டதுல யாரு இருக்கா? ஆளே இல்லையே, பட்டரே."

அன்றிலிருந்து நான் பட்டர். பெயர் சூட்டும் புரோகிதர். லிஃப்டில் ஏறினால், "பட்டரே, இன்னைக்கு யாருக்கு நாமகரணம்?" என்று கேட்பார்கள். ஷெணை என்னைத் தனியாக அழைத்து, "அந்த ஒண்ணை மட்டும் விட்டுடுங்க ஹெப்பார், அந்தம்மாகிட்ட எதுக்கு வம்பு?" என்றார். விட்டுவிட்டேன். பழைய பெயரும் புதிய பெயரும் சேர்ந்தே ஓடின. ஒவ்வொரு அழுத்தலுக்கும் இரண்டு தகவல்கள் வந்தன. மணி பழையதைக் கேட்டது. எண்ணிக்கை புதியதைக் கேட்டது. அப்போதுதான் நான் இன்னொரு விதியும் எழுதினேன். எந்தப் பழைய பெயரையும், அதை யாராவது கேட்டுக்கொண்டிருக்கும்வரை நிறுத்தக்கூடாது. யார் கேட்கிறார்கள் என்று பார்க்க ஒரு திரையும் அமைத்தேன். நான் பொறுப்பில்லாதவன் என்று யாரும் சொல்ல முடியாது.

நிறுவன ஆண்டு விழாவில் ஒரு தொட்டிலைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார்கள். பொம்மைத் தொட்டில். சாமந்திப்பூ சுற்றி, உள்ளே தாடி வைத்த ஒரு கிழவர் பொம்மை. குழந்தையின் காதில் பெயர் சொல்வதுபோல நான் குனிந்து சொல்ல வேண்டுமாம். ரத்னமாலாதான் முன்னால் நின்றார்.

"மெதுவா சொல்லுங்க பட்டரே, வேகமா சொன்னா அழுத்தப்பட்டுடுவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று எடுத்த படத்தில் இருக்கிறது, பாருங்கள். அந்தக் கூட்டத்தில் அதிகமாகச் சிரிப்பது நான்தான்.

பிறகு மற்ற எல்லாப் பெயர்களும் சீராகிவிட்டன. பழையவை ஒவ்வொன்றாகக் கேட்பாரற்று நின்றன. ஒன்று மட்டும் இருந்தது. ஷெணை வெளியாட்களுக்கு எங்கள் வேலையைக் காட்டும்போது திரையில் அந்தப் பெயர்கள் ஓடும். அவர்கள் கண் சரியாக அந்த ஒன்றில் போய் நிற்கும். "இது என்ன, அஜ்ஜா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். படியளவு அரிசியைப் பொறுக்கி வைத்திருந்தாலும், பல்லில் படுகிற ஒரு கல்தான் மனதில் நிற்கும்.

ஜெயசிம்ம ராவைப் பற்றிக் கேட்டீர்கள். அவரை எனக்குத் தெரியும். பெயர் வைக்கும் முன் ஆட்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று நேரில் பார்ப்பது என் வழக்கம். காந்தி பஜாருக்குப் பின்னால் அவர் வீடு. வானிலை ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. மகள் ஒஹாயோவில். நான் போனால் கோடுபளெ முறுக்கு வைத்த தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுப் பேசிக்கொண்டே இருப்பார். என் பெயர்களைச் சோதித்துப் பார்க்க அவர் பொத்தானைத்தான் பயன்படுத்தினேன். அதனால் ஆயிரக்கணக்கானவர்களில் அவர் எண் ஒன்றுதான் எனக்கு மனப்பாடம்.

ஒருமுறை கேட்டார்: "ஏம்பா, நான் கீழ விழுந்து இதை அமுக்குனா, உங்க ஆபீஸ்ல அதுக்கு என்ன பேரு?"

சொன்னேன்.

"அழுத்தப்பட்டதா? நான் அமுக்க மாட்டேன்பா, கத்துவேன்." வெகுநேரம் சிரித்தார். "நாங்களும் மேகத்துக்கெல்லாம் பேர் வெச்சு எழுதிக்கிட்டு இருந்தவங்கதான். ஆனா புயல் வந்தா எழுதிக்கிட்டு உக்கார மாட்டோம். போனைத் தூக்குவோம்."

நல்ல மனிதர். அவர்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆயுத பூஜை அன்று அலுவலகத்தில் காலையிலேயே வாழைக்கன்று கட்டிவிட்டார்கள். கணினிகளைத் துடைத்து, விபூதி பூசி, வண்டிகளுக்கு மாலை போட்டார்கள். அவரவர் ஆயுதத்தைச் சுத்தம் செய்கிற நாள். என் ஆயுதம் எது என்று யோசித்தேன். நான் திட்டமிடவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஒரு வாரமாகவே மனதில் இருந்தது. யார் கேட்கிறார்கள் என்று காட்டும் திரையைத் திறந்தேன். 'அஜ்ஜா கூப்பிட்டார்' என்ற பெயருக்கு ஒரே ஒரு கேட்பவர் இருந்தார். மணி அறை. அதைப் படித்தேன். பிறகு பழைய பெயரை நிறுத்தினேன்.

என்ன எதிர்பார்த்தேன் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் மணி சாதாரணமாக அடிக்கடி அடிக்கும். பெரும்பாலும் வெறும் அழுத்தல்கள். சமையல் மேடையில் இடித்துவிடும், குழந்தைகள் விளையாடுவார்கள். உடனே அவர்களே போனில் 'தவறுதலாக' என்று தொட்டுவிடுவார்கள். ஆகவே மணி அடிக்காமல் இருந்தால் சந்தேகம் வர வேண்டும். ரத்னமாலாவுக்கு வராது என்று எனக்குத் தெரியும். மதியம்வரை விட்டுவிட்டு, ஷெணையிடம் போய், பாருங்கள், மணி செத்துக் கிடப்பதே இவருக்குத் தெரியவில்லை என்று காட்ட வேண்டும். அவ்வளவுதான். அதன் பிறகு அந்தப் பெயரை யாரும் காப்பாற்றப் பேச மாட்டார்கள். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஒரு சோதனை.

முற்றத்தில் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் என் இடத்திலேயே இருந்தேன். புதிய பெயரில் தகவல்கள் வந்துகொண்டிருந்தன. மல்லேஸ்வரத்தில் ஒரு அம்மா அழுத்தினார். உடனே 'தவறுதலாக' என்று வந்தது. ஜே.பி. நகரில் ஒருவர், அதுவும் அப்படியே. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் மணி அறையில் இரண்டு பேரும் பொரி தின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் திரை பச்சையாக, அமைதியாக இருந்தது. என் திரையில் எல்லாம் சரியாக ஓடியது. முதன்முறையாக ஒரு பெயர்கூட விதிக்கு வெளியே இல்லை. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு அந்த எண் வந்தது.

'உதவிப் பொத்தான் - அழுத்தப்பட்டது.' இடம், நேரம், போனின் பேட்டரி அளவு, எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. நான் வடிவமைத்தது எப்படி வர வேண்டுமோ அப்படியே வந்தது. 'தவறுதலாக' வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அதே எண் மறுபடி அழுத்தியது.

அப்போதுதான் ரத்னமாலா வந்தார். ஒரு கையில் குங்குமக் கிண்ணம், இன்னொரு கையில் ஒப்பட்டுப் போளித் தட்டு. பட்டுப்புடவை கட்டியிருந்தார்.

"என்ன பட்டரே, பண்டிகை நாள்லகூட முறைச்சிக்கிட்டே உக்காந்திருக்கீங்க? எல்லா மெஷினுக்கும் பொட்டு வெச்சாச்சு. உங்க மெஷினுக்கு நான் வெக்கலாமா, இல்ல அதுக்கும் ஒரு விதி இருக்கா?"

"வெய்யுங்க."

குனிந்து, என் திரையின் மேல் விளிம்பில் குங்குமம் வைத்தார். ராவின் அழுத்தல்கள் இருந்த வரிகளுக்கு நேர் மேலே. கொஞ்சம் தூள் உதிர்ந்து கீழே விழுந்தது. அவர் அந்த வரிகளைப் பார்த்தார். முகம் அவ்வளவு பக்கத்தில் இருந்தது, பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அவருக்கு அதில் ஆள் யாரும் தெரியவில்லை.

"இன்னைக்கு என்னமோ ஒரே அமைதி," என்றார். "எல்லா அஜ்ஜனும் பாயசத்தைக் குடிச்சிட்டுத் தூங்கிட்டாங்க போல."

"இருக்கும்," என்றேன்.

"சாப்பிடுங்க. சும்மா கிண்டல் பண்றேன்னு மனசுல வெச்சுக்காதீங்க ஹெப்பாரே. என் வாயி அப்படி. எங்க ஊர்ல எல்லாருக்குமே இப்படித்தான்."

ஒப்பட்டை எடுத்துக்கொண்டேன். நெய் நிறைய விட்டிருந்தார்கள். அவர் அடுத்த மேசைக்குப் போனார். திரும்பவும் அந்த எண் அழுத்தியது. இந்த முறை நீளமாக. எவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தார்கள் என்பதும் வர வேண்டும் என்று நான்தான் அந்தக் கட்டத்தைச் சேர்த்திருந்தேன். அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். யாரிடம் சொல்வது? மணி அறை என் பொறுப்பு இல்லை. அதில் தலையிட வேண்டாம் என்று ஷெணையே சொல்லியிருந்தார். போனைத் தூக்கியிருக்கலாம், உண்மைதான். தூக்கியிருந்தால் சோதனை பாதியில் நின்றிருக்கும். எல்லோரும் ரத்னமாலாவைச் சுற்றி நின்று, நல்லவேளை பட்டர் பார்த்தார் என்று சொல்லிவிட்டு, மறுநாள் தொட்டிலைத் திரும்பவும் கொண்டுவந்திருப்பார்கள்.

சாயங்காலம் ராவ் வீட்டுச் சமையற்காரம்மா கதவைத் திறந்துகொண்டு உள்ளே போயிருக்கிறார். குளியலறைத் தரையில். ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் சொன்னதாக நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். செய்தி அலுவலகத்துக்கு வருவதற்கு முன்பே நான் பழைய பெயரை மறுபடி ஓடவிட்டிருந்தேன். ஷெணையிடம் போகவில்லை. காட்டுவதற்கு இருந்ததைவிட அதிகமாக நடந்துவிட்டது. மறுநாள் சோதித்தபோது மணி நன்றாக அடித்தது. அதனால்தான் உங்கள் அறிக்கையில், மணியில் கோளாறு இல்லை, மணி அறையில் இருந்தவர்கள் தூங்கிவிட்டார்கள் என்று எழுதிவிட்டார்கள்.

நான் இன்று வந்ததும் அதற்காகத்தான். என்னை ஒரு சாட்சியாகத்தானே கூப்பிட்டீர்கள். இயந்திரங்களைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வெளியே ரத்னமாலாவைப் பார்த்தேன். புடவை கசங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பட்டரே என்று கூப்பிடவில்லை.

"ஹெப்பாரே, என் ஆளுங்க தூங்கிட்டாங்கன்னு எழுதியிருக்காங்க. மணி அடிக்கவே இல்லைன்னு நீங்களாவது சொல்லுங்க. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

"சொல்றேன்," என்றேன். சொல்லிவிட்டேன். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவர்மீது தவறு இல்லை. மணி அடிக்கவில்லை.

ஆனால் எங்கள் நிறுவனம் உங்களுக்குக் கொடுத்த அறிக்கையில் வேறொன்று இருக்கிறது. 'பெயர்க் குழப்பத்தால் தகவல் வந்து சேரவில்லை' என்று. ஷெணை நிருபர்களிடமும் அதையே சொன்னார். மேடம், இதை நான் ஒப்புக்கொள்ள முடியாது. குழப்பம் எதுவும் இல்லை. தகவல் வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றும் சரியான பெயரோடு, ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லாமல் வந்தது. என் பக்கத்தில் எந்தப் பிழையும் இல்லை. நீங்கள் எடுத்துப் பார்த்தால் தெரியும், அத்தனையும் பத்திரமாக இருக்கிறது.

கையெழுத்துப் போடத் தயார். நீங்கள் சொன்னபடி எழுத்தர் எழுதியதை வாசித்துப் பார்த்தேன். கையெழுத்து அழகாக இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம். கடைசிப் பத்தியில் என் செயலுக்கு 'அலட்சியம்' என்று பெயர் போட்டிருக்கிறார். அது பொருந்தாது. அந்தச் சொல்லை அடித்துவிடச் சொல்லுங்கள். வேறு என்ன பெயர் வைப்பது என்பது உங்கள் வேலை, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் நான் அலட்சியமாக இருந்தவன் இல்லை, மேடம். அவருடைய முதல் அழுத்தலிலிருந்து கடைசி அழுத்தல்வரை, ஒப்பட்டை வாங்கும்போதுகூட, நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.